முன்னால் தள்ளினால் பின்னால் போகும் வேன்

முன்னால் போக வேண்டிய வேன் பின்னால் போனது.

சும்மாவும் போகவில்லை. துவைத்து, உலர்த்தி, மடித்து, ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்த ஆஸ்பத்திரிப் போர்வைகளின் மேல் போய் முட்டியது. இரும்பு அடுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இருநூறு வெள்ளைப் போர்வைகள் பொலபொலவென்று சரிந்தன. கடைசிப் போர்வையும் விழுந்து முடித்தபோது, அதுவரை அங்கே நின்று போனில் பேசிக்கொண்டிருந்த முதலாளியம்மாவைக் காணவில்லை.

சலவை நிலையத்தின் கேட்டுக்குள் பள்ளிக்கூடப் பையோடு அப்போதுதான் நுழைந்தாள் பட்டாணி. நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

பட்டாணிக்குப் பத்து வயது. பிறந்தபோது குட்டையாக, உருண்டையாக இருந்தாளாம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட செல்லப்பெயர் இன்றுவரை போகவில்லை. பள்ளி விட்டதும் நேராகச் சலவை நிலையத்துக்கு வருவாள். அப்பாவோடு சேர்ந்து வீட்டுக்குப் போவாள். அப்பாதான் அங்கே வேன் டிரைவர்.

ஆமாம், அந்த வேனுக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தது அவளுடைய அப்பாவேதான்.

போர்வைக் குவியல் அசைந்தது. முதலில் ஒரு கை வெளியே வந்தது. கையில் போன் இருந்தது. பிறகு தலை வந்தது. நல்ல வேளை, போர்வைகள் எல்லாம் பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்ததால் முதலாளியம்மாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இஸ்திரி போடுகிற மாமா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். மற்ற யாருக்கும் சிரிப்பு வரவில்லை. துவைக்கிறவர்கள், பிழிகிறவர்கள், மடிக்கிறவர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

முதலாளியம்மா அத்தனை பேர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். புது வண்டி வந்து முழுசாக ஒரு நாள் ஆகவில்லை என்றார். பழைய வேனை விற்றுவிட்டு, கியர் மாற்றி மாற்றிக் கை வலிக்க வேண்டாம் என்றுதானே ஆட்டோமேட்டிக் வண்டியாகப் பார்த்து வாங்கினேன் என்றார். கடைசியாக ஒன்று கேட்டார்.

"இருபத்திரண்டு வருஷமா வண்டி ஓட்டுறீங்க. முன்னால எது, பின்னால எதுன்னு தெரியாதா உங்களுக்கு?"

"நான் முன்னாலதான் மேடம் தள்ளினேன்," என்றார் அப்பா. அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது.

முதலாளியம்மா வேன் சாவியைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிக்குத் துணி போக வேண்டும். அன்றைக்குத் தானே பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதாகச் சொன்னார். ஒழுங்காக ஓட்டினால் சாவி அப்பாவிடமே இருக்கும். இல்லையென்றால் வேறு டிரைவர் வருவார்; அப்பா துணி மடிக்கிற பக்கம் போய்விட வேண்டும்.

துணி மடிப்பது ஒன்றும் குறைச்சலான வேலை இல்லை. ஆனால் பட்டாணியின் அப்பாவுக்கு வண்டி என்றால் உயிர். நடைபாதையில் நிற்கிற கோழிக்குஞ்சைக்கூடப் பயமுறுத்தாமல் ஓட்டுகிறவர் அவர். அவர் தலையைக் குனிந்துகொண்டு வேனிலிருந்து இறங்கியதைப் பார்த்ததும் பட்டாணி போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு இரண்டே தெரு. அந்த இரண்டு தெருவும் அப்பா தரையைப் பார்த்தபடியே நடந்தார்.

அம்மா பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறவர். அன்று சீக்கிரமே வந்திருந்தார். புது வண்டி எப்படி இருக்கிறது என்று ஆசையாகக் கேட்டார்.

"ஜம்முனு இருக்கு," என்றார் அப்பா.

பட்டாணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா பொய் சொல்லி அவள் பார்த்ததே இல்லை. அவளோ தம்பியோ பொய் சொன்னால் காதைப் பிடித்துத் திருகுகிற ஆளே அவர்தான். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

சாப்பிட உட்கார்ந்தபோது மேசை திடீர் திடீரென்று ஆடியது. தண்ணீர் டம்ளர்கள் கிணுகிணுத்தன. நாலு வயதுத் தம்பி ஒவ்வொரு தடவையும் கைதட்டிச் சிரித்தான். பட்டாணி குனிந்து பார்த்தாள். மேசைக்கு அடியில் அப்பாவின் இடது கால் மேசைக் காலை ஓங்கி ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு அது தெரியவே இல்லை. அவர் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா பாத்திரம் கழுவுவார், பட்டாணி துடைத்து வைப்பாள். அது அந்த வீட்டு வழக்கம். சமையலறையில் இரண்டு பேரும் தனியாக இருந்தபோது அப்பா குரலைத் தாழ்த்தி, அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

"வேன் ஏம்பா பின்னால போச்சு?" என்று கேட்டாள் பட்டாணி.

அப்பா கையில் இருந்த தட்டை மூன்றாவது முறையாகக் கழுவினார். பழைய வேனில் கியர் கம்பியை நடுவில் வைத்து, முன்னால் தள்ளினால் முதல் கியர் விழும். வண்டி முன்னால் போகும். இருபத்திரண்டு வருடமாக ஒரு நாளைக்கு நூறு தடவை அதைச் செய்த கை இது. புது வண்டியிலும் கை அதையேதான் செய்தது. காலும் அப்படித்தான். பழைய வண்டியில் இடது காலுக்கு என்று கிளட்ச் இருந்தது. இதில் கிளட்ச்சே கிடையாது. ஆனால் இடது கால் தன் பாட்டுக்குப் போய் எதையாவது மிதித்துவிடுகிறது.

"நான் யோசிக்கறதுக்கு முன்னாடி கை தள்ளிடுது, பட்டாணி. என் கையும் காலும் என் பேச்சையே கேக்க மாட்டேங்குது," என்றார். பிறகு, "எனக்குப் பயமா இருக்கு," என்றார்.

பட்டாணி துடைத்துக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். அப்பாக்களுக்குப் பயம் வரும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. அப்பாவுக்கே பயம் என்றால் இனி யாரிடம் போவது?

யாரிடமாவது கேட்டுக் கற்றுக்கொள்ளலாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அப்பா தலையை ஆட்டினார். இத்தனை வருடம் ஓட்டியவன், வண்டி ஓட்டுவது எப்படி என்று எந்த முகத்தோடு போய்க் கேட்பது? ஊரே சிரிக்காதா?

படுக்கையில் புரண்டுகொண்டே பட்டாணி யோசித்தாள். ஆட்களிடம் கேட்டால்தானே சிரிப்பார்கள். புத்தகம் சிரிக்காதே.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளி இல்லை. காலையிலேயே சலவை நிலையத்துக்குப் போனாள். வேன் முற்றத்தில் சாதுவாக நின்றுகொண்டிருந்தது. அதன் பின்பக்கத்தில் லேசாக ஒரு நசுங்கல். வண்டிக்குள் பேயோ ஏதோ புகுந்திருக்கிறது, கிட்டே போகாதே என்று இஸ்திரி மாமா கண்ணை உருட்டி எச்சரித்தார். நேற்று அது தன்னைப் பார்த்து விளக்கைச் சிமிட்டியதாகவும் சொன்னார். மாமா சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும் என்பது பட்டாணிக்குத் தெரியும். இந்த முறை முழுவதையுமே தள்ளினாள்.

முதலாளியம்மாவின் அறை வாசலில் போய் நின்றாள். கேட்டும்விட்டாள். புது வண்டியோடு ஒரு புத்தகம் வந்திருக்குமே, அதை இரவல் தருவீர்களா?

"புத்தகமா? வண்டிக்கா?" என்றார் முதலாளியம்மா. நேற்று அவரைப் போர்வையால் மூடிய டிரைவரின் மகள் இன்று வந்து புத்தகம் கேட்கிறாள். அந்த அதிர்ச்சியில் அவருக்குத் திட்டக்கூடத் தோன்றவில்லை. மேசை இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து தேடினார். மூன்றாவது இழுப்பறையில் அது கிடைத்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் புத்தம் புதிதாக இருந்தது. திங்கட்கிழமை திருப்பித் தர வேண்டும், கிழிக்கக் கூடாது, கறை படக் கூடாது என்று மூன்று நிபந்தனை போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்துக்கொண்டு படித்தாள் பட்டாணி. பாதி புரியவில்லை. புரியாத இடத்தில் படம் இருந்தது.

கியர் கம்பிக்கு நான்கு நிலைகள். மேலிருந்து வரிசையாக பி, ஆர், என், டி என்று நான்கு எழுத்துகள். பி என்பது நிறுத்தி வைக்க. கம்பியை அங்கே வைத்தால் உள்ளே ஒரு சின்ன இரும்புப் பல் போய்ச் சக்கரங்களைச் சுற்றவிடாமல் கவ்விக்கொள்ளும். அதிலிருந்து கம்பியை வெளியே எடுக்க வேண்டுமானால் பிரேக்கை மிதித்தே ஆக வேண்டும். ஆர் என்பது பின்னால் போக. என் என்பது எதோடும் ஒட்டாத நிலை. அதில் இன்ஜின் தனி, சக்கரம் தனி; சரிவில் விட்டால் வண்டி பாட்டுக்கு உருண்டு போய்விடும். டி என்பது முன்னால் போக.

பட்டாணி அந்தப் படத்தின் மேல் விரலை வைத்தாள். அப்பா செய்ததையே விரலால் செய்து பார்த்தாள். நடுவில் வை. அது என். அங்கிருந்து முன்னால் தள்ளு.

விரல் ஆர் மேல் போய் நின்றது.

அவள் துள்ளி எழுந்ததில் கட்டில் சட்டம் தலையில் 'ணங்' என்று இடித்தது. அந்த வலிகூட உறைக்கவில்லை. வண்டிக்குள் எதுவும் புகுந்திருக்கவில்லை. அப்பாவுக்கு ஓட்டவும் மறந்துபோகவில்லை. இந்த வண்டியில் முன்னால் போக வேண்டுமானால் கம்பியைப் பின்னால் இழுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் கிளம்பினாள். அறை வாசலில் நின்றுவிட்டாள். சாவி இல்லாததால் வேலைக்குப் போகாத அப்பா மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும், நேற்று அத்தனை பேர் முன்னால் பாடம் கேட்டவருக்கு இன்று மகளும் பாடம் நடத்த வேண்டுமா என்று தோன்றியது. அதோடு, சொன்னால் அவர் மூளைக்குத்தான் புரியும். கைக்கும் காலுக்கும் யார் சொல்வது?

அரை மணி நேரத்தில் கூடத்தில் ஒரு வேன் தயாரானது. ஒரு நாற்காலி. அதன் முன்னால் தரையில் அம்மாவின் செருப்பு ஒன்று, அது பிரேக். பக்கத்தில் தம்பியின் செருப்பு ஒன்று, அது ஆக்சிலரேட்டர். செருப்புப் பெட்டியில் நீளமாக ஒரு பிளவு வெட்டி, ஓரத்தில் நான்கு எழுத்துகள் எழுதி, பிளவுக்குள் குடையைச் செருகினாள். அதுதான் கியர் கம்பி. தம்பி ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான். அவன்தான் போர்வை அடுக்கு.

"அப்பா, நான்தான் வேன். என்னை ஓட்ட ஆளில்ல. வாங்க," என்றாள் பட்டாணி.

அப்பா வேலையைப் பார்க்கச் சொன்னார். தம்பி விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார வைத்தான். பட்டாணி நாற்காலிக்கு முன்னால் போய், முகத்தை அப்பா பக்கம் திருப்பாமல் நின்றாள். கண்ணாடி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் குடையை மட்டும் பார்த்தாள்.

அப்பா வேண்டா வெறுப்பாகக் குடையைப் பிடித்தார். பிடித்ததும் கை தன் வேலையைக் காட்டியது. நடுவில் வைத்தது. முன்னால் தள்ளியது. இடது கால் அம்மாவின் செருப்பை மிதித்தது, விட்டது.

வேன் பின்னால் நடந்தது. நாற்காலியைச் சுற்றிக்கொண்டு விறுவிறுவென்று பின்னாலேயே போய்த் தம்பியின் மேல் முட்டியது. தம்பி தலையணையோடு மிகவும் சந்தோஷமாக விழுந்தான்.

இன்னொரு தடவை என்று தம்பி கத்தினான். இன்னொரு தடவையும் அதேதான் நடந்தது. அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது.

"நான் முன்னாலதானே தள்ளினேன்?" என்றார்.

"எழுத்தைப் பாருங்கப்பா," என்றாள் பட்டாணி.

அப்பா குனிந்து பெட்டியைப் பார்த்தார். ஆர். வண்டி எண் பலகைகளில் ஆயிரம் தடவை பார்த்த எழுத்துதான். ஆனால் இப்போது அதைப் பார்த்து அவருக்கு வேர்த்தது. குடையை மெல்லப் பின்னால் இழுத்தார். என். இன்னும் இழுத்தார். டி. மறுபடி முன்னால் தள்ளினார். என். ஆர்.

"அப்போ நேத்து…"

"நேத்தும் ஆர்தான்பா. வண்டி பேசாம நீங்க சொன்னதைத்தான் செஞ்சிருக்கு."

அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு, நேற்றிலிருந்து முதல் முறையாக, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கே, வேனை நிறுத்து, முதலிலிருந்து வருவோம் என்றார்.

அதன் பிறகு வேனுக்கு மூச்சு வாங்கியது. ஒரு தடவை அப்பா டி-யில் போட்டுவிட்டு, முதுகைச் சொறிவதற்காகக் காலை பிரேக்கிலிருந்து எடுத்தார். வேன் தன் பாட்டுக்கு ஊர்ந்து சமையலறைக்குள் போனது. உள்ளே பாத்திரங்கள் உருண்டன. தான் ஆக்சிலரேட்டரைத் தொடவே இல்லை என்று அப்பா அதிர்ந்துபோய்ச் சொன்னார். டி-யில் இருந்தால், பிரேக்கை விட்டதும் வண்டி தானாகவே மெல்ல ஊரும் என்று வேன் சமையலறையிலிருந்து பதில் சொன்னது.

இடது கால்தான் பெரிய தொல்லை. புத்தகத்தில் அந்தக் காலுக்கு வேலையே இல்லை என்று போட்டிருந்தது. பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் வலது கால் ஒன்றே போதும்.

"அப்போ இந்தக் காலுக்கு வேலையே இல்லையா?" என்று அப்பா தன் இடது காலைப் பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது.

"இருபத்திரண்டு வருஷம் மிதிச்சிருக்குப்பா. பாவம், கொஞ்சம் ஓய்வெடுக்கட்டுமே," என்றாள் பட்டாணி.

அப்பா அந்தக் காலை நாற்காலிக்கு அடியில் பின்னுக்கு மடக்கி வைத்துக்கொண்டார். பட்டாணி ஒரு சட்டமும் போட்டாள். வலது கால் பிரேக்கில் இருக்க வேண்டும். கண் எழுத்தைப் பார்க்க வேண்டும். வாய் அந்த எழுத்தை உரக்கச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கால் எழும்பலாம்.

"ஆர்!" என்று அப்பா உரக்கச் சொல்லி, வேன் பின்னால் நடந்துகொண்டிருந்த நேரத்தில் கதவு திறந்தது. வேன் போய் அம்மா மேல் முட்டியது.

அம்மாவின் கைப்பை கீழே விழுந்தது. செருப்பு நடு வீட்டில் கிடக்கிறது. கணவர் குடையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மகள் பின்னால் நடக்கிறாள். மகன் தலையணையோடு தரையில் கிடந்து சிரிக்கிறான். என்ன நடக்கிறது இங்கே என்று கேட்க வாயைத் திறந்தார்.

அப்பா எழுந்து நின்றார். யாரும் கேட்காமலே, போர்வைகளில் தொடங்கித் திங்கட்கிழமை வரை எல்லாவற்றையும் தானே சொன்னார். பட்டாணி மூச்சைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"வேலை மாறினாக்கூடப் பரவாயில்ல. என்கிட்ட மறைச்சீங்க பாருங்க, அதுதான் கஷ்டமா இருக்கு," என்றார் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அம்மா தன் செருப்பைக் காலால் சரியான இடத்துக்குத் தள்ளி வைத்தார். பிரேக் இவ்வளவு தள்ளி இருந்தால் மனுஷன் எப்படி மிதிப்பார் என்று பட்டாணியைக் கடிந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் வேறு வேலையே நடக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அப்பா வேனில் ஏறினார். ஆஸ்பத்திரி, பள்ளிக்குப் போகிற வழிதான். அதனால் பட்டாணியும் ஏறிக்கொண்டாள். முன்னால் மூன்று இருக்கைகள். அப்பா ஓட்டுகிற இடத்தில், பட்டாணி நடுவில், முதலாளியம்மா கதவோரம். மூவரும் பெல்ட் போட்டுக்கொண்டார்கள். பட்டாணி புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். முதலாளியம்மா அதைப் பிரித்துப் பார்க்காமலே கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அப்பா இடது காலை மடக்கிக்கொண்டார். வலது காலால் பிரேக்கை மிதித்தார். கம்பியைப் பிடித்தார்.

"டி," என்றார் அப்பா உரக்க.

முதலாளியம்மா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். வேன் வெண்ணெய் மாதிரி முன்னால் நகர்ந்தது. வழி நெடுக ஒரு குலுக்கல் இல்லை. ஆஸ்பத்திரியின் பின்பக்கம் துணி இறக்குகிற மேடை. அதை நோக்கி வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். "ஆர்," என்றார் அப்பா. வேன் நேர்கோடு போட்டது போலப் பின்னால் போய், மேடைக்கு நாலடி இருக்கும்போது நின்றது. "பி," என்று சொல்லி, கைப்பிரேக்கையும் இழுத்துவிட்டு இறங்கினார். போகிற போக்கில் பட்டாணியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். முதலாளியம்மா தலையை மேலும் கீழும் ஆட்டியதைப் பட்டாணி பார்த்தாள்.

அப்பா பின்கதவைத் திறந்து மூட்டையை இறக்கத் தொடங்கினார். அப்போது காவலர் ஓடி வந்தார். ஆம்புலன்ஸ் வருகிறது, வண்டியைக் கொஞ்சம் முன்னால் எடுங்கள் என்றார்.

அப்பாவைக் கூப்பிடுவதற்குள் முதலாளியம்மா இறங்கிச் சுற்றி வந்து ஓட்டுகிற இடத்தில் ஏறிவிட்டார். சலவை நிலையம் ஆரம்பித்த நாளில் பழைய வேனை அவரேதான் ஓட்டினாராம். இரண்டடி நகர்த்த டிரைவர் எதற்கு என்று சொல்லிக்கொண்டே சாவியைத் திருகினார். கைப்பிரேக்கை விடுவித்தார். இடது காலால் பிரேக்கை, கிளட்ச் என்று நினைத்து, ஓங்கி மிதித்தார். கம்பியை நடுவுக்கு இழுத்தார். பிறகு முன்னால் தள்ளினார்.

எதிரே இருந்த சின்னத் திரையில் ஆர் என்ற எழுத்து எரிந்தது.

பின்னால் அப்பா நிற்கிறார்.

"காலை எடுக்காதீங்க!" என்று கத்தினாள்.

அந்தக் கத்தலில் முதலாளியம்மா பதறி, இரண்டு காலையும் எடுத்துவிட்டார். வேன் பின்னால் நகர்ந்தது. பட்டாணி யோசிக்கவில்லை. தனக்கும் முதலாளியம்மாவுக்கும் நடுவில் இருந்த கைப்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து மேலே இழுத்தாள்.

வேன் கிறீச்சிட்டு நின்றது.

"வலது காலால பிரேக்கை மிதிங்க. அப்படியே வச்சிருங்க," என்றாள் பட்டாணி. முதலாளியம்மா சின்னப் பிள்ளை மாதிரி சொன்னபடி செய்தார். பட்டாணி கம்பியை பி-க்குத் தள்ளினாள். சாவியைத் திருகி அணைத்தாள். பிறகு பின்னால் திரும்பிப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"பட்டாணி?" என்று ஒரு குரல் கேட்டது.

அப்பா கதவருகே நின்றார். தலையணை உறை மூட்டை ஒன்றை இன்னும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். வேன் அந்த மூட்டையைத் தொட்டதோடு நின்றிருக்கிறது. அப்போது மூட்டைக்கு அந்தப் பக்கம் அப்பா, அப்பாவுக்கு அந்தப் பக்கம் மேடைச் சுவர்; நடுவிலிருந்து நழுவி வந்திருக்கிறார். பட்டாணி பெல்ட்டைக் கழற்றிவிட்டு அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அழுகை அப்போதுதான் வந்தது.

முதலாளியம்மா இறங்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன, உதடு வெளுத்திருந்தது. வெள்ளிக்கிழமை அப்பா இருந்த மாதிரியே அவர் இருந்தார்.

"நான் முன்னாலதான் தள்ளினேன்," என்றார். அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது.

அப்பா திட்டியிருக்கலாம். திட்டினால் நியாயமும் இருந்தது. அவர் பட்டாணியைக் கீழே இறக்கிவிட்டு, தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து முதலாளியம்மாவிடம் நீட்டினார்.

"தெரியும் மேடம். பழகின கை அப்படித்தான் போகும்," என்றார்.

முதலாளியம்மா தண்ணீரைக் குடித்தார். இறங்கிச் சுற்றிப் போய்க் கதவோரம் உட்கார்ந்தார். அப்பா ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டு, துணியை இறக்கி முடித்தார்; பள்ளிக்கு இன்னும் நேரம் இருந்ததால் பட்டாணியும் கூடவே திரும்பினாள். முதலாளியம்மா கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, சலவை நிலையம் வரும்வரை தலை நிமிராமல் படித்துக்கொண்டே வந்தார்.

முற்றத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள். டிரைவருக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளும்வரை ஒருவருக்கும் பொறுமை இல்லை. இஸ்திரி மாமா இஸ்திரிப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். முதலாளியம்மா வேனிலிருந்து இறங்கி, வெள்ளிக்கிழமை நின்று திட்டிய அதே இடத்தில் போய் நின்றார்.

"அன்னிக்கு இவரை உங்க எல்லார் முன்னாடியும் திட்டினேன். அதே தப்பை இன்னிக்கு நான் செஞ்சேன். இந்தப் பொண்ணு இல்லேன்னா பெரிய விபரீதம் ஆகியிருக்கும். டிரைவர், என்னை மன்னிச்சிடுங்க," என்றார். சாவியை அப்பாவின் கையில் வைத்தார்.

முதலாளியம்மா மன்னிப்புக் கேட்டு அந்த முற்றத்தில் யாரும் கேட்டதில்லை. துவைக்கிறவர்கள் சிலையாக நின்றார்கள். பிழிகிறவர்கள் ஒருவரை ஒருவர் கிள்ளிப் பார்த்துக்கொண்டார்கள். அப்பா சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பட்டாணியைப் பார்த்தார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். ஜன்னலில் நீட்டிய தலையை உள்ளே இழுக்கவே மறந்துபோனார் இஸ்திரி மாமா. தீய்ந்த வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான் அவருக்கு நினைவே வந்தது.

கருகியது ஒரு நல்ல மேசை விரிப்பு. அன்றைக்கு அதற்காக யாரும் யாரையும் திட்டவில்லை.